ஐந்து மணிக்கே விடியும் ஊர்

லம்பா லைன், அந்தமான் தீவில் உள்ள ஓர் ஊர்ப்பகுதி. போர்ட் பிளேயர் விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. 'லம்பா' என்றால் இந்தியில் 'நீளமான' என்று பொருள். போர்ட் பிளேயருக்கு 2024ஆம் ஆண்டு 'ஸ்ரீ விஜயபுரம்' என்று பெயர் மாற்றினார்கள். ஆனால் பழைய பெயர்தான் இன்னும் பலர் வாயில் வருகிறது.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே புதிதாக வருபவர்கள் முதல் நாளே ஒரு விஷயத்தைப் பார்த்து வியப்பார்கள். ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கே பொழுது நன்றாக விடிந்துவிடும். நவம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும்.

லம்பா லைனில் இருக்கும் அக்காவும், ராமநாதபுரத்தில் இருக்கும் தம்பியும் நவம்பர் மாதத்தில் தொலைபேசியில் பேசினால் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"என்னக்கா, என்ன செய்றீங்க?"

"இப்பதான் விளக்குப் போட்டேன் தம்பி. இருட்டிப் போச்சு."

"மணி அஞ்சு இருபதுதானே ஆகுது! இங்கே வெயில் அடிக்குதே அக்கா!"

இருவர் கடிகாரமும் சரிதான். இரண்டிலும் ஐந்து இருபதுதான். ஆனால் ஒரு வீட்டில் இருட்டு, இன்னொரு வீட்டில் வெயில். இது எப்படி?

சூரியன் நகர்வதில்லை, பூமிதான் சுற்றுகிறது

சூரியன் கிழக்கே எழுந்து மேற்கே போவதுபோல் நம் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் பூமிதான் பம்பரம்போல் தன்னைத் தானே சுற்றுகிறது. அது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சாத்துக்குடிப் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பு மேலே இருக்கும்படி பிடியுங்கள். காம்பு இருக்கும் பக்கம் வடக்கு. உங்களைப் பார்த்த பக்கத்தில் ஒரு கிராம்பைக் குத்துங்கள். அது சென்னை. அதற்கு வலது பக்கம் சற்றுத் தள்ளி இன்னொரு கிராம்பைக் குத்துங்கள். அது லம்பா லைன். வலது பக்கம் கிழக்கு.

அறையை இருட்டாக்குங்கள். உங்களுக்கு வலது பக்கம் ஒரு டார்ச் லைட்டை எரியவிட்டு வையுங்கள். அதுதான் சூரியன். இப்போது பழத்தை மெல்ல இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். எந்தக் கிராம்பின் மேல் முதலில் வெளிச்சம் படுகிறது? லம்பா லைன் கிராம்பின் மேல்தான். சென்னைக் கிராம்பு சற்று நேரம் கழித்துத்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. இன்னும் திருப்புங்கள். மறுபக்கம் போகும்போது லம்பா லைன்தான் முதலில் இருட்டுக்குள் போகிறது.

கிழக்கே இருக்கும் ஊருக்கு முதலில் விடிகிறது. அந்த ஊருக்கே முதலில் இருட்டுகிறது.

எத்தனை நிமிடம்?

பூமியை மேலிருந்து கீழாக 360 கோடுகளால் பிரித்திருக்கிறார்கள். இவை மனிதர்கள் கணக்குக்காகப் போட்டுக்கொண்ட கோடுகள். இவற்றைத் தீர்க்கரேகை என்று சொல்கிறோம். பூமி ஒரு முறை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. 24 மணி என்றால் 1,440 நிமிடம். 1,440ஐ 360ஆல் வகுத்தால் 4 வரும். அதாவது, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் சூரியன் வர 4 நிமிடம் ஆகிறது.

லம்பா லைன் ஏறத்தாழ 92¾ கோட்டில் இருக்கிறது. சென்னை ஏறத்தாழ 80¼ கோட்டில் இருக்கிறது. இடையில் 12½ கோடு. 12½ஐ 4ஆல் பெருக்கினால் 50. ஆகவே சென்னைக்கும் லம்பா லைனுக்கும் சூரியக் கணக்கில் 50 நிமிட வித்தியாசம்.

வேறு விதமாகவும் கணக்குப் போடலாம். லம்பா லைன், சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இந்தப் பகுதியில் பூமி மணிக்கு ஏறத்தாழ 1,630 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அந்த வேகத்தில் 1,350 கிலோமீட்டரைக் கடக்க 50 நிமிடம் ஆகும். இரண்டு கணக்கும் ஒன்றாகவே வருகின்றன.

சூரியன் எழும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் பாருங்கள். இவை ஏறத்தாழக் கணக்கிட்ட நேரங்கள்.

ஜூன் 21
லம்பா லைன்: காலை 4.57, மாலை 5.45
சென்னை: காலை 5.44, மாலை 6.38

டிசம்பர் 21
லம்பா லைன்: காலை 5.34, மாலை 5.00
சென்னை: காலை 6.26, மாலை 5.48

நவம்பர் நடுவில் லம்பா லைனில் 4.51க்கே சூரியன் மறைந்துவிடும்.

கடிகாரம் யார் பேச்சைக் கேட்கிறது?

சூரியன் ஊருக்கு ஊர் வேறு நேரத்தில் எழுகிறது. அப்படியானால் கடிகாரமும் ஊருக்கு ஊர் வேறாக இருக்க வேண்டாமா?

முன்பு அப்படித்தான் இருந்தது. சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை ஒவ்வொரு ஊரும் 12 மணி என்று வைத்துக்கொண்டது. கல்கத்தாவுக்கு ஒரு நேரம். பம்பாய்க்கு ஒரு நேரம். சென்னைக்கு ஒரு நேரம். மாட்டு வண்டியில் போன காலத்தில் இதனால் தொல்லை இல்லை. ரயில் வந்த பிறகுதான் தொல்லை வந்தது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் வேறு வேறு கடிகாரத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? மோதிக்கொள்ளும்.

சென்னையில் 1792 முதல் ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. அங்கே நட்சத்திரங்களைப் பார்த்து நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டார்கள். அந்த 'மதராஸ் நேரம்' பிறகு இந்திய ரயில்களுக்குப் பொது நேரம் ஆனது.

1906 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. இதுதான் இந்தியப் பொது நேரம். இதற்கு 82½ கோட்டை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தின் மிர்ஜாபூர் பக்கமாகவும் ஆந்திராவின் காக்கிநாடா பக்கமாகவும் போகிறது. கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரை விடவில்லை. பம்பாய் 1955 வரை விடவில்லை.

அந்தக் கோட்டிலிருந்து சென்னை 2¼ கோடு மேற்கே இருக்கிறது. ஆகவே சென்னையில் சூரியன் 9 நிமிடம் பின்தங்குகிறது. 9 நிமிடம் பெரிய வித்தியாசம் இல்லை. யாரும் அதை உணர்வதில்லை. லம்பா லைன் 10¼ கோடு கிழக்கே இருக்கிறது. இங்கே சூரியன் 41 நிமிடம் முந்திக்கொள்கிறது. கடிகாரத்தில் மணி 11.19 ஆகும்போதே இங்கே உச்சிவெயில் வந்துவிடும்.

நாட்டின் மேற்குக் கோடியில் குஜராத்தின் துவாரகை இருக்கிறது. அங்கே ஜூன் 21 அன்று சூரியன் மறையும்போது மணி ஏறத்தாழ 7.40. அதே நாளில் லம்பா லைனில் சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது.

ஆக, சூரியனின் நேரம் வேறு, கடிகாரத்தின் நேரம் வேறு. சூரியனின் நேரம் இயற்கை கொடுப்பது. கடிகாரத்தின் நேரம் மக்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டது.

ஒரே கடிகாரம் எதற்கு?

அந்தமானில் ரயில் இல்லை. அப்படியிருந்தும் நாட்டின் பொதுக் கடிகாரம் இங்கே ஏன் வேண்டும்?

2004 டிசம்பர் 26 அன்று காலை கடலுக்கு அடியில் பெரிய பூகம்பம் ஏற்பட்டது. அப்போது இந்திய நேரம் 6.29. லம்பா லைனில் சூரியன் எழுந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சென்னையில் அப்போதுதான் சூரியன் கடலுக்கு மேலே தலைகாட்டியது. பூகம்பம் வந்த நொடி ஒன்றுதான். பார்த்த வானம்தான் இரண்டு விதம். அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சுனாமி அலைகள் முதலில் தாக்கின. அதே அலைகள் சென்னைக் கரைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை போய்ச் சேர்ந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும். அப்போது அதற்கான ஏற்பாடு இல்லை. 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. இப்போது பூகம்பம் வந்தால் அலை எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அங்கே கணக்கிட்டுச் சொல்கிறார்கள். ஊருக்கு ஊர் கடிகாரம் வேறாக இருந்தால் அந்தச் செய்தியைக் கேட்டுக் குழம்ப வேண்டியிருக்கும். கப்பல் புறப்படும் நேரம், விமானம் இறங்கும் நேரம், வானொலிச் செய்தி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நாள்காட்டியும் நோன்பும்

தமிழர் வீடுகளில் தினமும் தாள் கிழிக்கும் நாள்காட்டி தொங்கும். அதில் சூரிய உதயம் போட்டிருக்கும். அது தமிழ்நாட்டுக்குக் கணக்கிட்டது. லம்பா லைன் சுவரில் மாட்டினால் அந்த நேரம் பொருந்தாது. ஏறத்தாழ 50 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். நாள்காட்டியில் 6.10 என்றால் இங்கே சூரியன் ஏறத்தாழ 5.20க்கே எழுந்துவிடும்.

ராகு காலம், எமகண்டம் ஆகியவையும் சூரிய உதயம் ஆறு மணி என்று வைத்துப் போட்ட கணக்குதான். பகல் பொழுதை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றைப் பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் விருப்பம். ஆனால் பார்க்கிறவர்கள்கூட ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஐந்து மணிக்கே விடியும் ஊரில் அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

பள்ளிவாசல்களில் இந்தக் குழப்பம் இல்லை. தொழுகை நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் அந்தந்த ஊரின் சூரியனை வைத்தே கணக்கிடப்படுகின்றன. ரமலான் மாதத்தில் லம்பா லைனில் நோன்பு திறந்து முக்கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் சென்னையில் திறப்பார்கள்.

வெளிச்சம் என்பது காசு

சூரியன் முந்தி எழுவதும் முந்தி மறைவதும் வேடிக்கை பார்க்கிற விஷயம் மட்டும் அல்ல. வீட்டுச் செலவும் உடல் நலமும் இதில் அடங்கியிருக்கின்றன.

மாலை ஐந்து மணிக்கே இருட்டினால் ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டும். இரவு பத்து மணிக்குப் படுக்கிற வீட்டில் ஐந்து மணி நேரம் விளக்கு எரிகிறது. அந்தமானில் இந்த மின்சாரம் எப்படி வருகிறது? தமிழ்நாட்டிலிருந்து கம்பி இழுத்துக் கொண்டுவர முடியாது. நடுவில் பெரிய கடல் இருக்கிறது. தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதியை டீசல் ஜெனரேட்டர்கள்தான் தருகின்றன. டீசல் கப்பலில் வருகிறது. ஆகவே இங்கே ஒரு விளக்கு எரிந்தால், கடல் தாண்டி வந்த எண்ணெய் எரிகிறது என்று பொருள்.

2020இல் நெய்வேலி நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அமைத்தது. அதோடு பெரிய பேட்டரிகளையும் வைத்தது. பேட்டரி எதற்கு? சூரியத் தகடு பகல் 11 மணியை ஒட்டித்தான் மிக அதிக மின்சாரம் தரும். மாலை நாலரைக்கெல்லாம் தளர்ந்துவிடும். வீடுகளில் விளக்குப் போடுவது அதற்குப் பிறகுதான். பகலில் கிடைத்ததைச் சேர்த்து வைத்தால்தான் மாலையில் செலவு செய்ய முடியும். பேட்டரி ஓர் உண்டியல்போல வேலை செய்கிறது.

மாலையில் போகும் வெளிச்சம் காலையில் கிடைக்கிறது. காலை ஐந்து மணி வெளிச்சத்துக்குக் காசு இல்லை. பிள்ளைகள் படிப்பதற்கும், தையல் வேலைக்கும், துணி காயவைக்கவும், கருவாடு காயவைக்கவும் காலைப் பொழுது ஏற்றது. இரவு ஒன்பது மணிக்கு மின்விளக்கில் படிக்கிற பாடத்தைக் காலை ஐந்தரைக்குச் சூரிய வெளிச்சத்தில் படிக்கலாம்.

வெயிலில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோடையில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் போகாதீர்கள் என்று சொல்வார்கள். அது நாட்டுக்குப் பொதுவாகச் சொல்வது. லம்பா லைனில் உச்சிவெயில் 41 நிமிடம் முந்தி வருகிறது. ஆகவே இங்கே பதினொன்றே காலுக்கே நிழலுக்கு வந்துவிட வேண்டும். சாலை போடுகிறவர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள் ஆகியோர் விடிந்ததும் வேலையைத் தொடங்கினால் உச்சிவெயிலுக்கு முன்பே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

கடிகாரத்தை மாற்றலாமா?

'கிழக்குப் பகுதிகளுக்குத் தனி நேரம் கொடுங்கள்' என்று அசாமில் பல காலமாகக் கேட்கிறார்கள். அங்கே தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரர் காலம் முதலே ஒரு தனி நேரம் உண்டு. அதைத் 'தோட்ட நேரம்' என்பார்கள். அது பொது நேரத்தைவிட ஒரு மணி முந்தியது. பொழுது விடிந்ததும் கொழுந்து பறிக்க இது வசதி.

அந்தமானுக்கு வடக்கே சிறிய கடல் பகுதியைத் தாண்டினால் கோகோ தீவுகள் இருக்கின்றன. அவை மியன்மாருக்கு, அதாவது பழைய பர்மாவுக்குச் சொந்தமானவை. மியன்மார் நேரம் இந்திய நேரத்தைவிட ஒரு மணி முந்தியது. நம் பக்கம் காலை ஐந்து மணி என்றால் அந்தப் பக்கம் ஆறு மணி. இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் விடிகிறது. கடிகாரம் மட்டுமே வேறு.

இந்தியாவின் நேரத்தைக் காப்பது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். நாட்டில் இரண்டு நேரம் வைக்கலாம் என்று அதன் விஞ்ஞானிகள் 2018இல் ஒரு யோசனை சொன்னார்கள். அசாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும் ஒரு மணி முந்திய நேரம். மற்றப் பகுதிகளுக்கு இப்போதைய நேரம். இதனால் மின்சாரம் மிச்சமாகும் என்பது அவர்கள் கருத்து. அரசு இதை ஏற்கவில்லை. இரண்டு நேரம் வந்தால் ரயில் விபத்து நேரலாம், மக்கள் குழம்பலாம் என்பது எதிர்ப்பவர்கள் கருத்து.

கடிகாரத்தை மாற்றாமலே இன்னொரு வழியும் உண்டு. வேலை நேரத்தை மாற்றுவது. பள்ளியும் அலுவலகமும் கடையும் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிந்தால் பகல் வெளிச்சம் வீணாகாது. வேலைக்குப் போகும் பெண்களும், டியூஷன் போகும் பிள்ளைகளும் இருட்டுவதற்கு முன் வீடு திரும்பலாம். தோட்டத் தொழிலாளர்கள் செய்து காட்டியதும் இதுதான்.

செய்து பாருங்கள்

உங்கள் ஊரின் உச்சிப்பொழுதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

1. மேடு பள்ளம் இல்லாத திறந்த இடத்தில் ஒரு நேரான குச்சியைச் செங்குத்தாக நடுங்கள்.

2. லம்பா லைனில் என்றால் காலை 10.45 முதல் 11.45 வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். ஒவ்வொரு முறையும் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

3. எந்த நேரத்தில் நிழல் மிகக் குட்டையாக இருந்தது? அதுதான் உங்கள் ஊரின் உண்மையான உச்சிப்பொழுது.

4. அந்தக் குட்டை நிழல் காட்டும் திசை சரியான வடக்கு தெற்குத் திசை.

லம்பா லைனில் இந்த நேரம் வருடம் முழுவதும் ஒன்றாக இருக்காது. நவம்பர் தொடக்கத்தில் 11.03 வரை முந்தி வரும். பிப்ரவரி நடுவில் 11.33 வரை பிந்தி வரும். பூமி சாய்ந்த நிலையில் சுற்றுவதும், சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாததும் இதற்குக் காரணம்.

ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் குச்சியைக் கவனியுங்கள். உச்சிப்பொழுதில் நிழல் குச்சியின் அடியிலேயே ஒடுங்கிவிடும். சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும் நாட்கள் அவை.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊர் 82½ கோட்டுக்குக் கிழக்கே இருக்கிறதா, மேற்கே இருக்கிறதா? உங்கள் ஊரில் சூரியன் கடிகாரத்தை முந்துகிறதா, பிந்துகிறதா?

2. ராமேஸ்வரம் ஏறத்தாழ 79¼ கோட்டில் இருக்கிறது. அங்கும் லம்பா லைனிலும் சூரியன் உச்சிக்கு வருவதில் எத்தனை நிமிட வித்தியாசம்? கணக்குப் போடுங்கள்.

3. உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்குப் போடுகிறீர்கள்? விளக்கில் செய்யும் எந்த வேலையைக் காலை வெளிச்சத்துக்கு மாற்றலாம்?

4. அந்தமானுக்குத் தனி நேரம் வேண்டுமா, அல்லது வேலை நேரத்தை மாற்றினால் போதுமா? எது நல்லது என்று நினைக்கிறீர்கள்? ஏன்?